ஆண் குட்டி வீட்டுக்கு

ஐஸ் பெட்டியை நிழலில் இறக்கி வையுங்கள் தம்பி. கொட்டிலுக்குள் அப்படிக் குனிந்து பார்க்க வேண்டாம், உள்ளே ஒன்றும் இல்லை. வெளியே கிடக்கிறது பாருங்கள், அந்தக் கழுதை மொட்டையன். அதற்குப் பின்னால் வெள்ளச்சி. இரண்டுக்கும் உங்கள் காலேஜ் பொண்ணு போன வருஷமே ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டாள். இரண்டும் சாதாரணத் தாய்வழி, இந்தப் பக்கம் முழுக்க இருக்கிற வழி என்றும் சொல்லிவிட்டாள். அப்புறம் எதற்கு மறுபடி குத்துவது? நீங்கள் மற்ற வழியைத் தேடி வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். எனக்குப் பேச வராது. புது ஆளைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் நீங்கள் ஒன்று கேட்டுவிட்டீர்கள், "ஏன் தாத்தா வித்தீங்க?" என்று. நான் விற்கவில்லை. அதை முதலில் சொல்ல வேண்டும். வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், பலவேசம் ஒரு கழுதையைக்கூட விற்கவில்லை. தெருமுனையில் டீக்கடையில் என்ன சொன்னார்களோ அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. துணி வெளுக்கிற வீடுகளில், ஆற்றுக்கு இந்தக் கரையில் மட்டும். கட்டிக்கொண்டு வருகிற பெண் ஒரு பொட்டைக் கழுதையை ஓட்டிக்கொண்டு வருவாள். நகை போட்டாலும் போடாவிட்டாலும் கழுதை வரும். அது அவளுடையது. அதன் இடது காது நுனியில் அவள் அம்மா வீட்டுக் குறி வெட்டியிருக்கும். அது ஈனுகிற பொட்டைக் குட்டியும் அவளுக்குத்தான், அதன் காதிலும் அவளே குறி வெட்டுவாள். ஆண் குட்டி பிறந்தால் வீட்டுக்கு. புல்லும் கொட்டிலும் கொடுக்கிற மாமனார் வீட்டுக்கு. அதற்குக் குறி கிடையாது. நாளைக்கு அவள் வீட்டை விட்டுப் போகிற நிலைமை வந்தால் அவள் வழிப் பொட்டைகள் எல்லாம் அவளோடு போகும். பெண் பெண்ணுக்கு, ஆண் வீட்டுக்கு. நல்ல முறை. நான் ஒருநாளும் மீறியதில்லை.

இந்த வெள்ளச்சி என் அம்மா ஓட்டிவந்த கழுதையின் வழி. முறைப்படி அது என் தங்கைக்குப் போயிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தங்கை அழுத்திக் கேட்கவில்லை. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது வேறு கதை.

மருமகள் பெயர் முப்பிடாதி. சாத்தான்குளம் பக்கம். என் மகன் கொம்பையாவுக்குக் கட்டி வந்தாள். அவளோடு வந்தது மைனா. கறுத்த முதுகுக்கோடு, சின்னக் குளம்பு, எங்கள் பக்கத்துக் கழுதை மாதிரியே இருக்காது. காதில் மீன்வால் போல ஒரு வெட்டு. சுமை கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கும், ஆனால் பால் இருக்கிறதே, அப்படி ஒரு பால். வெள்ளச்சி ஒரு சங்கு கறப்பதற்குள் அது மூன்று சங்கு கறக்கும். முப்பிடாதி மைனாவையும் அதன் குட்டியையும் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவாள். பிள்ளைக்குச் சளி, பிள்ளைக்கு மாந்தம் என்று கூப்பிடுவார்கள். அங்கேயே கறந்து அங்கேயே சங்கில் ஊற்றிவிட்டு வருவாள். நான் அந்த வருமானத்தில் கை வைத்ததில்லை. வீட்டுச் செலவுக்கு வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் அந்தப் பிள்ளையிடம் நேருக்கு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமனார் மருமகளிடம் பேசுவது எங்களில் மரியாதை இல்லை. என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் அவள் மூலமாகச் சொல்வேன். அவள் போன பிறகு இடையில் ஆள் இல்லை. அதனால் மொட்டையனிடம் சொல்வேன். முற்றத்தில்தான் கட்டிக் கிடக்கும்.

"மொட்டையா, குழம்புல உப்பு இல்ல."

உள்ளேயிருந்து பதில் வரும். "மொட்டையா, உப்பு தீந்து மூணு நாளாச்சு, வாங்கித் தாரதுக்குத்தான் ஆளில்லன்னு சொல்லு."

கொம்பையா நடுவில் உட்கார்ந்து சிரிப்பான். "எப்பா, அந்தக் கழுதைக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடுங்க. ரெண்டு பேருக்கும் தபால் சுமந்தே செத்துரும்."

அப்படி இருந்த வீடு. சத்தம் உண்டா, சண்டை உண்டா? பத்து வருஷத்தில் நான் அவளை ஒரு சொல் வைதிருக்கிறேன் என்று யாரும் சொல்ல முடியாது.

மைனா மூன்று பொட்டை ஈன்றது. மூன்றும் நன்றாக வளர்ந்தன. அப்புறம் கொம்பையாவுக்குக் காமாலை வந்தது. கீழாநெல்லி கொடுத்தோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நிற்கவில்லை. முப்பத்தாறு வயது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் போன பிறகு நான் முற்றத்தில் உட்கார்ந்து மொட்டையனிடம் சொன்னேன். "மொட்டையா, கால் வச்சவ ராசி, ஒஞ் சின்ன மொதலாளி மண்ணுக்குள்ள போயிட்டான்." கழுதையிடம்தான் சொன்னேன். பெற்றவனுக்கு ஒரு ஆற்றாமை இருக்காதா? அது அவள் காதில் விழுந்தால் நான் என்ன செய்வது? அன்றைக்கு உள்ளேயிருந்து பதில் வரவில்லை.

அடுத்த வாரம் அவள் ஆற்றுக்கு அந்தக் கரையில் தன் சித்தி மகன் வீட்டை ஒட்டி ஒரு சாய்ப்புக் குடிசை போட்டுக்கொள்ளப் போவதாகப் பேச்சு வந்தது. கழுதைகளையும் மகளையும் கூட்டிக்கொண்டு பால் விற்றுப் பிழைத்துக்கொள்வாளாம். யார் தடுத்தது? போகட்டும்.

அந்த வாரம்தான் கழுதைகளின் காதில் ஈ மொய்த்தது. ஐப்பசி மழை. புண் வைத்தால் புழு வைக்கும். கத்தியை நெருப்பில் காட்டி, மைனாவுக்கும் அதன் மூன்று பொட்டைக்கும் இடது காது நுனியை எடுத்துவிட்டேன். ஒரு விரல் அகலம். ஒன்றுக்குக் கூடவும் இல்லை, ஒன்றுக்குக் குறையவும் இல்லை. எடுத்த இடத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டேன். வெள்ளச்சிக்கு எடுக்கவில்லை. அதற்கு நுனி ஏற்கெனவே இல்லை. என் தங்கை கல்யாணத்தின்போது ஒரு தடவை ஈ மொய்த்தது.

முப்பிடாதி ஆற்றிலிருந்து மூட்டையோடு வந்தாள். கழுதைகளைப் பார்த்தாள். மூட்டையைத் தலையிலிருந்து இறக்கக்கூட இல்லை. "மைனா, ஒங் காத யாருட்டி தின்னா?" என்றாள்.

"மொட்டையா, ஈ மொச்சுதுன்னு சொல்லு" என்றேன்.

பதில் சொன்னேனா இல்லையா? சொன்னேன்.

அவள் மாடன் கோயிலில் ஆள் கூட்டினாள். பெரியவர் வெள்ளப்பாண்டி உட்கார்ந்தார். நான் ஒரு ஓரமாக நின்றேன். மைனா அவளுடையது, அதை நான் மறுக்கவில்லை. மற்ற மூன்றுக்கும் என்ன அடையாளம் என்றுதான் கேட்டேன். காதில் குறி இருந்தால் ஓட்டிக்கொண்டு போகட்டும் என்றேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். குறி இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்வது பொய்யா? "வெள்ளச்சி வயித்துல பொறந்ததா இருந்தா என்ன செய்வீக?" என்றும் கேட்டேன். பிறந்தது என்று சொல்லவில்லை. கேள்வி கேட்டேன். ஊரில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. எந்தக் கழுதை எதை ஈன்றது என்று இப்போது யார் பார்க்கிறார்கள்? வெளுக்கிறவன் எல்லாம் அயர்ன் கடை வைத்துவிட்டான். கழுதை வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான்.

வெள்ளப்பாண்டி தலையைச் சொறிந்துகொண்டு தை கழியட்டும் என்று தள்ளிவைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் காலேஜ் பொண்ணு வந்தாள். சின்னப் பெண், மூக்குக் கண்ணாடி. நாட்டுக் கழுதைக்கெல்லாம் தாய்வழி பார்க்கிறோம் தாத்தா என்றாள். கழுத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள், வாலில் நாலு முடி பிடுங்கினாள். ஆறு கழுதைக்கும் ஆறு குப்பி. நான்தான் பிடித்துக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஒலகத்துல இருக்கற வீட்டுக் கழுதை எல்லாத்துக்கும் ரெண்டே தாய்வழிதான் தாத்தா. ரெண்டுமே ஆப்பிரிக்காவுல ஆரம்பிச்சது."

வெள்ளப்பாண்டி பக்கத்தில் நின்றிருந்தார். "ஓய் பலவேசம், ஒம்ம கழுதைக்கு ஆப்பிரிக்காவுல சொந்தக்காரன் இருக்கானாம்லா. விருந்துக்கு வந்தா எங்க படுக்க வைப்பீரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அம்மாவுக்கு அந்தக் கழுதையைக் கயத்தாறு சந்தையில் வாங்கினார்கள். ஆப்பிரிக்காவுக்கு யாரும் போகவில்லை.

முப்பிடாதி அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "எம்மா, இந்த ரத்தத்துல எது எந்த வயித்துல பொறந்ததுன்னு தெரிஞ்சிருமா?" என்று கேட்டாள்.

அந்தப் பொண்ணு நேர்மையான பொண்ணு, அதைச் சொல்ல வேண்டும். ஆசை காட்டவில்லை. "அப்பா யாருன்னு இதுல தெரியாதுக்கா. அம்மாவோட வழி மட்டும்தான். மைனாவும் வெள்ளச்சியும் வேற வேற வழியா இருந்தா மத்த மூணும் எந்தப் பக்கம்னு பிரிச்சிரலாம். ரெண்டும் ஒரே வழியா இருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"பிரிஞ்சிரும்" என்றாள் முப்பிடாதி. அவ்வளவு நம்பிக்கை.

ரத்தம் சொல்வதை ஊர் ஏற்றுக்கொள்ளும் என்றார் வெள்ளப்பாண்டி. என்னையும் கேட்டார். ரத்தம் ஒரு பக்கம் சொன்னால் அதன்படி, முறையும் முறைப்படி, இரண்டையும் ஒரு முடி பிசகாமல் செய்ய வேண்டும், சம்மதமா என்று நான் திருப்பிக் கேட்டேன். சம்மதம் என்றார்கள். அவளும் தலையாட்டினாள். எல்லோர் முன்னாலும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொண்ணு குப்பியில் அடைத்துக்கொண்டு போனபோது அந்த மூன்று பொட்டையும் சினை. அவள் பதிலோடு திரும்பி வந்தபோது மூன்றும் ஈன்றிருந்தன. மூன்றும் ஆண் குட்டி. அது நான் செய்ததா தம்பி? சொல்லுங்கள், அது என் கையில் இருக்கிறதா?

பதிலைச் சொல்ல அவளே நேரில் வந்தாள். கொட்டிலில் நின்று விரல் நீட்டிச் சொன்னாள். வெள்ளச்சியும் மொட்டையனும் ஒரு வழி. மைனா வேறு வழி. இந்தப் பக்கம் எடுத்த ரத்தத்தில் அந்த மாதிரி ஒன்று இதுவரை கிடைக்கவில்லையாம். மூன்று பொட்டையும் மைனா வழி. சொல்லி முடிக்கவில்லை, முப்பிடாதி மைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பொண்ணுக்கும் கண் கலங்கிவிட்டது. இந்தக் கழுதைகளை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, எங்கள் புரொபசர் வருவார், அரசாங்கத்தில் ஏதாவது உதவி கிடைக்கும் என்றெல்லாம் சொன்னாள். அந்த வழிதான் உசத்தி என்கிற மாதிரி. வெள்ளச்சியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் அம்மா ஓட்டிவந்த வழி அது.

நான் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. போய்க் கட்டை அவிழ்த்தேன். மைனா, அதன் மூன்று பொட்டை. நாலு கயிற்றையும் வேலிப் படலில் மாட்டினேன், அவள் கையில் கொடுக்கக் கூடாது அல்லவா. அவள் கயிற்றை எடுத்தாள். தாய்கள் நடந்தன. பின்னாலேயே குட்டிகள் ஓடின. நான் படலைச் சாத்தினேன். குட்டிகள் இந்தப் பக்கம்.

"தாத்தா, என்ன பண்றீங்க?" என்றாள் அந்தப் பொண்ணு.

ஆண் குட்டி வீட்டுக்கு. வேறு என்ன?

"குட்டி இல்லாம பால் எறங்காது தாத்தா. பொறந்து மாசம்கூட ஆகல. குட்டியும் செத்துரும்."

வெள்ளப்பாண்டிக்கும் முகம் மாறிவிட்டது. "ஓய், பால்குடி மறக்குற மட்டும் விடும். பெறகு ஓட்டிக்கிடும்" என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "ரத்தம் எனக்கு எதுரா வந்துச்சு. நான் ஏத்துக்கிடலயா? முறை எனக்குச் சாதகமா வரும்போது மட்டும் கொஞ்சம் வளச்சுக்கிடணுமா? பால்குடி மறக்குற மட்டும்னு எப்ப சேத்தீக?" தாயும் பிள்ளையும் சேர்ந்து பிழைக்கட்டும் என்று ஊர் எப்போதும் விட்டுத்தான் கொடுத்திருக்கிறது, கட்டாயம் என்று யாரும் சொன்னதில்லை. விட்டுக்கொடுப்பது வேறு, முறை வேறு.

பேத்தி அவள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது பெண் பிள்ளை. முறைப்படி தாயோடு போக வேண்டியது. யாரும் கேட்கவில்லை, நானே அனுப்பிவைத்தேன்.

குட்டிகளை நான் சும்மா விடவில்லை தம்பி. அப்படி நினைக்காதீர்கள். பசும்பால் வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து, ரப்பர் மாட்டி ஊட்டினேன். கழிச்சல் கண்டது. முதல் குட்டி போனது.

மறுநாள் விடியும்போது முப்பிடாதி தாய்களை ஓட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்துவிட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். குட்டியைப் பார்த்ததும் தாய்களுக்குப் பால் சொட்டுகிறது, மண் நனைகிறது. குட்டிகள் வேலி இடுக்கில் மூக்கை நுழைக்கின்றன. அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருஷத்தில் செய்யாத காரியம். என் முகத்தைப் பார்த்தாள். நேராகப் பார்த்து, நேராகப் பேசினாள்.

"மாமா, குட்டி ஒங்களுக்குத்தான். நான் கேக்கல. பால மட்டும் குடிக்க விடுங்க. தெனம் நானே ஓட்டிட்டு வாரேன்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. என் வீட்டுக்காரி இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருப்பாள். தெருவில் நாலு பேர் பார்க்க, மருமகள் மாமனார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். பத்து வருஷம் கட்டிக்காத்த மரியாதை. இதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. மற்றதெல்லாம் போகட்டும். கழுதை வரும், போகும்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "மொட்டையா, வேலிக்கு அந்தால நிக்கது வேற வீட்டுக் கழுதை" என்றேன்.

அன்றைக்கே வேலியில் இன்னொரு வரிசை முள் கட்டினேன். குட்டிகளின் மூக்கில் குத்தக் கூடாது என்று இந்தப் பக்கம் முனையை மடக்கிக் கட்டினேன். கை எல்லாம் கிழிந்தது. அதை யார் பார்த்தார்கள்?

அடுத்த நாள் அவள் வேலியோரம் நின்றே கறந்து, தூக்குவாளியில் ஊற்றி, படல் ஓரமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். நல்ல நுரையோடு இருந்தது. அது அவளுடைய கழுதையின் பால். இனாமாக வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. மண்ணில் ஊற்றிவிட்டு, தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வைத்த இடத்திலேயே வைத்தேன். அதற்கடுத்த நாளும் வைத்தாள். அதற்கடுத்த நாளும். நானும் ஒருநாள்கூடக் கழுவாமல் திருப்பி வைக்கவில்லை. அதற்குள் இரண்டாவது குட்டியும் போய்விட்டது. மூன்றாவது கெட்டிப் பிராணன், ஒரு வாரம் இழுத்துக்கொண்டு கிடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாய் கத்தும், இந்தப் பக்கம் இது கத்தும். எனக்கு ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. அதுவும் போனது. மூன்றையும் நானே குழி தோண்டிப் புதைத்தேன். என் குட்டிகள், என் செலவு.

அந்தக் கரையில் கழுதைகளுக்கு மடி வற்றிவிட்டது. மடி வற்றிய கழுதையை வைத்து யார் வீட்டு வாசலில் போய் நிற்பது? ஆந்திரா டெம்போக்காரன் ஒருவன் வருவான், கறிக்கும் தோலுக்கும் வாங்குவான். நாலையும் ஏற்றி அனுப்பிவிட்டாள். மைனா டெம்போவில் ஏறாமல் காலைப் பரப்பிக்கொண்டு நின்றதாம். இவள்தான் கழுத்தைத் தடவி ஏற்றினாளாம். பார்த்தவர்கள் சொன்னார்கள். இப்போது தூத்துக்குடியில் ஏதோ ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கிறாள் என்கிறார்கள். பேத்தியும் கூடவே தேய்க்கிறதாம். பாருங்கள் தம்பி, அவளுடைய சொத்து, அவளே விற்றாள். ஊர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வெள்ளப்பாண்டி டீக்கடையில் நான் உட்கார்ந்தால் எழுந்து போகிறார். நான் எதை மீறினேன்? ரத்தத்தை மீறினேனா, முறையை மீறினேனா?

எழுந்துவிட்டீர்களே. இருங்கள். இவ்வளவு தூரம் பெட்டியைச் சுமந்து வந்துவிட்டு வெறும் கையோடு போகக் கூடாது. அந்தப் பொண்ணு போன வருஷம் ஒன்று சொன்னாள். ரத்தம்தான் வேண்டும் என்று இல்லை, காய்ந்த தோலோ முடியோ கிடைத்தால்கூட அந்த வழியைப் பார்த்துவிடலாம் என்று. அப்படித்தானே?

இந்தாருங்கள், பவுடர் டப்பா. மூடி கொஞ்சம் இறுகிக் கிடக்கும். காது நுனிகள். உப்புப் போட்டு வைத்திருக்கிறேன், கெட்டிருக்காது. நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை. பெரியது மைனாவுடையது. மற்ற மூன்றும் அதன் பொட்டைகளுடையது. பாருங்கள், நாலிலும் ஒரே மீன்வால் வெட்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நன்றாகத் தெரியும். சின்னது மூன்றும் முப்பிடாதி வெட்டியது. ஒரு பிசிறு இல்லை, சுத்தமாக வெட்டியிருக்கிறாள். கைவேலை தெரிந்த பிள்ளை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அடியில் தனியாகத் துணியில் முடிந்திருக்கிறதே, அதை வைத்துவிடுங்கள். அது பழையது, வெள்ளச்சியுடையது. மற்ற நாலையும் எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. பிறகு ஒன்று குறைந்தது என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது.